குட்டி நாயும் முற்றத்துக் கோழியும்: கேள்வி பதில்

கே: ஐந்து மாத நாட்டு நாய்க்குட்டி, கோழிகளைத் துரத்துகிறது. கடிப்பதில்லை, விளையாட்டுதான். விட்டுவிடலாமா? (ஒட்டன்சத்திரம்)

ப: கூடாது. விளையாட்டு என்பது கோழிக்குத் தெரியாது. வெயில் நேரத்தில் ஓடியே மூச்சிரைத்துச் செத்தும் போகலாம். நாய்க்கோ ஓடுவதைத் துரத்துவதே பெரிய இன்பம். பசிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு துரத்தலும் அடுத்ததற்கு ஒத்திகை.

கோழிகளைக் கம்பிவலைக்குள்ளோ பஞ்சாரத்திலோ அடையுங்கள். குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, கோழியைப் பார்த்த பிறகும் உங்கள் குரலுக்குத் திரும்பும் தூரத்தில் நில்லுங்கள். இருபது அடியா ஐம்பது அடியா என்று குட்டிதான் சொல்லும். கோழியை விட்டு உங்கள் பக்கம் திரும்பிய அந்த நொடியிலேயே வாயில் ஒரு துண்டு அவித்த கோழி ஈரல். உடல் விறைத்து, வாய் மூடி, கண் நிலைகுத்தினால் நெருங்கிவிட்டீர்கள், பின்னால் வாருங்கள். காலையும் மாலையும் ஐந்தைந்து நிமிடம் போதும். கட்டளைச் சொல் 'விடு' என்றால் வீட்டில் எல்லோருமே 'விடு' என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவர் 'ஏய்', இன்னொருவர் 'சீ' என்றால் குட்டி யாரைக் கேட்கும்?

வலைக்கு அருகே அலட்சியமாகப் படுத்துத் தூங்கும் நிலை வந்தபின் கோழிகளைத் திறந்துவிடுங்கள். கயிறு நாயின் கழுத்திலேயே இருக்கட்டும், நுனி உங்கள் கையில். மேயும் கோழியிடம் சாதுவாக இருக்கும் குட்டி, சேவல் சிறகடித்துக் கூரையிலிருந்து குதித்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதையும் கயிற்றோடு பழக்குங்கள். கயிற்றை அவிழ்க்க அவசரப்படாதீர்கள்.

கே: கோழி ஈரலா? ருசி கண்ட நாய் கோழியை விடுமா? (அருப்புக்கோட்டை)

ப: தட்டில் கிடக்கும் ஈரலையும் முற்றத்தில் நடக்கும் கோழியையும் நாய் முடிச்சுப் போடுவதில்லை. கறிக்கடை வாசலிலேயே வளர்ந்து, தெருவில் மேயும் கோழியைச் சீண்டாத நாய்களைப் பார்த்ததில்லையா?

கே: என் ஒன்பது மாதச் சிப்பிப்பாறை நாய்க்கும் இதே பயிற்சி போதுமா? (கோவில்பட்டி)

ப: பயிற்சி கொடுங்கள், ஆனால் வேலியை நம்புங்கள். கண்ணால் பார்த்து முயலைத் துரத்திப் பிடிக்கவென்றே வளர்த்தெடுத்த இனம் அது. கன்னி இன நாய்க்கும் இதே பதில்.

கே: லாப்ரடார், நான்கு மாதம், கோழியைத் துரத்துகிறது. (திருச்சி)

ப: முதல் பதில்.

கே: கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி எப்போது போட வேண்டும்?

ப: அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். நான் நாய்ப் பக்கம்.

கே: ருசி பற்றி நீங்கள் சொன்னது தவறு. பால்சோறு தின்ற வரை எங்கள் நாய் சாது. கறி போட்டதும் இரண்டு கோழிகளைக் கொன்றது. (அருப்புக்கோட்டை, மறுபடியும்)

ப: கறி போடத் தொடங்கியபோது அதற்கு என்ன வயது? எட்டு மாதம் என்றால், சாதுக் குட்டிகள் பலவும் துள்ளும் பருவம் அது. கறியின் மீது பழியைப் போடுகிறீர்கள். கொன்ற கோழிகளைத் தின்றதா?

கே: இல்லை, போட்டுவிட்டுப் போய்விட்டது.

ப: ருசிக்குக் கொன்றிருந்தால் தின்றிருக்குமே!

கே: ருசி கண்ட நாய் கோழியை விடாது என்று பெரியவர்கள் சொன்னதெல்லாம் பொய்யா? (தேனி)

ப: பாதி உண்மை. செத்த கோழியை இறகோடு நாய்க்குத் தூக்கிப் போடும் வழக்கம் கெட்டது. கோழியைக் கவ்விக் குதறப் பழக்குவது அதுதான். நோயும் சேர்ந்து வரும். அவித்த எலும்பும் வேண்டாம், சில்லாக உடைந்து குடலைக் குத்தும். எலும்பில்லாத ஈரலைப் பற்றித்தான் நான் பேசினேன். இதே பெரியவர்கள்தான் செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டினால் திருந்தும் என்றார்கள். முந்தாநாள் செய்ததற்கு இன்று தண்டனை என்று நாய்க்குப் புரியாது. கழுத்தில் நாற்றத்தோடு திரியும், அவ்வளவுதான்.

கே: குஞ்சுகளோடு திரியும் தாய்க்கோழி நாய்க்குட்டியை விரட்டிக் கொத்துகிறது. பயம் வரட்டும் என்று விடலாமா? (கோபி)

ப: கொத்து கண்ணில் விழுந்தால் என்ன செய்வீர்கள்? குஞ்சு பெரிதாகும் வரை இரண்டையும் பிரித்து வையுங்கள்.

கே: நாய் முட்டையைத் தின்கிறது.

ப: முட்டையிடும் கூடையை உயரத்தில் வைத்து, முட்டையை உடனுக்குடன் எடுங்கள்.

கே: மூன்று மாதக் குட்டி துரத்துகிறது, என்ன செய்ய?

ப: முதல் பதில். முதல் பதில் என்றால் மேலே இருப்பது.

கே: எப்போது கயிற்றை அவிழ்க்கலாம்?

ப: கோழி பதறி ஓடும்போதும் 'விடு' என்றதும் நாய் நிற்க வேண்டும். ஒருநாள் நின்றது கணக்கில்லை; மாதக்கணக்கில் நிற்க வேண்டும். அதன்பிறகும் இரண்டு வயது வரை நீங்கள் முற்றத்தில் இருக்கும்போது மட்டும்.

கே: ஒரு வாரமாகச் சமர்த்தாக இருக்கிறது. நாளை திருமணத்துக்குப் போகிறோம். நாயைக் கோழிகளோடு விட்டுப் போகலாமா? (பொள்ளாச்சி)

ப: கோழியை அடையுங்கள். நாயை வீட்டுக்குள் விடுங்கள். திருமணத்துக்குப் போய் வாருங்கள்.