வீட்டை ஒட்டி நிற்கும் பெரிய மரத்தைக் கயிறு கட்டி இறக்குவது: கேள்வி-பதில்

வெட்டப்போகும் துண்டு எவ்வளவு கனம் இருக்கும் என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

பச்சை மரத்துக்குக் கன மீட்டருக்கு 1000 கிலோ என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 40 செ.மீ. குறுக்களவும் 2 மீட்டர் நீளமும் உள்ள துண்டு: 0.2 × 0.2 × 3.14 × 2 = 0.25 கன மீட்டர், அதாவது 250 கிலோ. குறுக்களவு இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்காகிவிடும். அதே நீளத்தில் 80 செ.மீ. துண்டு ஒரு டன். கண்ணளவில் தப்புவது பெரும்பாலும் இங்கேதான், ஆகவே டேப் வைத்து அளந்துவிடுங்கள். வைரம் பாய்ந்த மரம் இந்தக் கணக்கையும் தாண்டும்.

250 கிலோ துண்டுக்கு 1000 கிலோ தாங்கும் கயிறு போதாதா?

போதாது. முடிச்சுப் போட்ட இடத்திலேயே கயிற்றின் வலுவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போய்விடும். அதனால் அறுபடும் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது. 250 கிலோவை மெதுவாக இறக்கவே 2500 கிலோவுக்குக் குறையாத கயிறு வேண்டும். துண்டைக் கட்டிய கயிறு ஓடும் கப்பிக்கும், அதை மரத்தோடு கட்டும் ஸ்லிங்குக்கும் இன்னும் வலு வேண்டும்: கயிற்றின் இரண்டு பக்கமும் சேர்ந்து கப்பியை இழுப்பதால், சும்மா தொங்கும் 250 கிலோவே அங்கே ஏறக்குறைய 500 ஆகிறது.

நடுமரத்தை மேலிருந்து துண்டு துண்டாக எடுக்கும்போது நிலைமை இன்னும் மோசம். கப்பி வெட்டுக்குக் கீழே இருக்கிறது. துண்டு சாய்ந்து, கப்பியைத் தாண்டி விழுந்த பிறகுதான் கயிறு பிடிக்கும். அந்த உதறலில் கயிற்றில் விழும் இழுவை துண்டின் எடையைப் போலப் பல மடங்கு. இதற்கு இரண்டு வழி: கப்பியை ரம்பம் படாத அளவுக்கு வெட்டுக்கு நெருக்கமாகக் கட்டுங்கள், துண்டின் நீளத்தைப் பாதியாக்குங்கள். நீளம் பாதியானால் எடையும் பாதி, விழும் தூரமும் குறையும்.

மீதி கீழே கயிறு பிடிப்பவர் கையில். அடிமரத்தில் கட்டிய பிரேக் உருளையில் கயிற்றைச் சுற்றியிருப்பார். ஒவ்வொரு சுற்றுக்கும் பிடிமானம் வெகுவாகக் கூடும். சுற்று அதிகமானால் கயிறு ஓடாது. துண்டு வெடுக்கென்று நிற்கும். மேலே இருப்பவர் இடுப்புக் கயிற்றோடு அதே மரத்தில்தான் இருக்கிறார், மரம் ஆடும் ஆட்டமெல்லாம் அவர் உடம்பில் இறங்கும். துண்டு கப்பியைத் தாண்டும் வரை கயிற்றை ஓடவிட்டு, பிறகு படிப்படியாக இறுக்க வேண்டும். சிறிய துண்டில் தொடங்கி, சுற்றின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே பெரிய துண்டுக்குப் போங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது ஒருபோதும் கூடாது.

கூரைமேல் படர்ந்த நீளமான கிளையை எங்கே கட்டுவது?

அடிப்பக்கம் கட்டினால் நுனி முதலில் சரிந்து ஓட்டில் விழும். கிளைக்கு மேலே உயரத்தில் கப்பியைக் கட்டி, கிளையின் சமநிலைப் புள்ளியிலிருந்து கொஞ்சம் நுனிப் பக்கமாகக் கயிற்றைக் கட்டுங்கள். கிளை அறுந்ததும் நுனி கூரையைத் தொடாமல் நிற்கும், அடிப்பக்கம் தாழும். அது மரமேறியின் மேல் வீசாதபடி அடியில் இன்னொரு கயிறு கட்டிக் கீழிருந்து ஒருவர் பிடிக்க வேண்டும். மரமேறி அது வீசும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் நிற்க வேண்டும்.

வெட்டும் முன்பே முக்கியக் கயிற்றை விறைப்பாக்குங்கள். முதலில் கிளையின் கீழ்ப்புறத்திலிருந்து கால் பங்கு அறுங்கள், பிறகு மேலிருந்து. அடிவெட்டு இல்லாவிட்டால் கிளை பட்டையோடு உரிந்து அடிமரம் வரை கிழியும்.

கப்பி இல்லாமல் கவட்டில் கயிறு போட்டு இறக்கலாமா?

சின்னக் கிளைகளுக்குச் செய்யலாம். கனமானதற்கு வேண்டாம். பட்டைக்குப் பட்டை உராய்வு மாறுவதால் கயிறு எப்போது ஓடும், எப்போது சிக்கும் என்று கணிக்க முடியாது. உராயும் சூட்டில் கயிற்றின் நாரும் உருகும்.

துண்டு முடிச்சிலிருந்து நழுவிவிடுகிறது. என்ன செய்வது?

ரன்னிங் போலைன் (இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு முடிச்சு) ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். அதற்கு 30 செ.மீ. அளவு கீழே, வெட்டுக்கு நெருக்கமான பக்கத்தில், ஒரு அரை முடிச்சும் போடுங்கள். இழுவை இரண்டு இடத்தில் பகிரும், துண்டும் கயிற்றின் போக்கிலேயே தொங்கும். கிளை வெட்டிய முண்டு இருந்தால், அது முடிச்சுக்கும் வெட்டுக்கும் நடுவில் வரும்படி அதற்கு மேலே கட்டுவது இன்னும் நல்லது.

அடிமரம் பொந்து விழுந்திருக்கிறது. அதிலேயே கப்பி கட்டலாமா?

கூடாது. அடியில் காளான் முளைத்திருந்தாலும், வேரைச் சுற்றி மண் வெடித்திருந்தாலும், சுத்தியலால் தட்டும்போது டொங்கென்று ஒலித்தாலும், அந்த மரத்தில் ஏறவும் வேண்டாம், பாரம் தொங்கவிடவும் வேண்டாம். கிரேன் வரவழையுங்கள்.

பக்கத்தில் மின்கம்பி போகிறது...

மின்வாரியம் இணைப்பைத் துண்டித்ததை நேரில் உறுதிசெய்யும் வரை ரம்பத்தை எடுக்காதீர்கள். ஈரக் கயிறும் பச்சைக் கிளையும் மின்சாரத்தைக் கடத்தும்.

கயிற்றை எப்போது கழிப்பது?

பலமான உதறல் வாங்கிய அன்றே. வெளியே ஒன்றும் தெரியாமலே உள்நார் அறுந்திருக்கும். கயிற்றை விரலால் உருவிப் பாருங்கள்: ஒரு இடம் மெலிந்தோ, கெட்டியாகப் பளபளத்தோ இருந்தால் அது பழுது. இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தாதபடி முழநீளத் துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள்.