நாம் யார் என்ற கருத்து சமூக அறிவியல் ஆய்வுகளை எப்படி வடிவமைக்கிறது?

"சுயம் பற்றிய கருத்துகள் சமூக அறிவியல் ஆய்வின் முடிவுகளைப் பாதிக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவுகள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. யாரிடம் கேட்பது, தனியாகக் கேட்பதா, விடைக்கு எத்தனை கட்டங்கள் போடுவது என்று தீர்மானிக்கும்போதே அந்தப் பாதிப்பு நிகழ்ந்துவிடுகிறது என்பதே என் பதில்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் மேன்ஃபோர்டு கூன், தாமஸ் மெக்பார்ட்லண்ட் என்ற இரு சமூகவியலாளர்கள் 288 மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, "நான் யார்?" என்ற கேள்விக்கு 12 நிமிடங்களுக்குள் 20 விடைகள் எழுதச் சொன்னார்கள், அந்த ஆய்வு 1954இல் வெளிவந்தது. (திருவண்ணாமலையில் ரமணர் இதே கேள்வியை விடாமல் விசாரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு.) பின்னர் பல நாடுகளில் இதே தாளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்கர்கள் "நான் துணிச்சலானவன்" என்பது போன்ற குணங்களை எழுதுகிறார்கள், ஜப்பானியர்கள் தங்கள் இடத்தையும் பொறுப்பையும் எழுதுகிறார்கள் என்பதால், கிழக்கத்தியருக்கு உறவுகளுக்குள் கரைந்த சுயமே உண்டு என்று சொல்வது எளிதாகிவிட்டது. ஆனால் 1989இல் ஸ்டீவன் கசின்ஸ் என்ற ஆய்வாளர் அந்தக் கேள்வியைச் சற்றே மாற்றி, வீட்டில் நீங்கள் எப்படிப்பட்டவர், பள்ளியில் எப்படிப்பட்டவர் என்று சூழலைச் சொல்லிக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. குணங்களை அதிகம் எழுதியவர்கள் இப்போது ஜப்பானிய மாணவர்கள். சூழல் எதுவுமற்ற அந்தரத்தில் நிற்கும் ஒருவரைக் கற்பனை செய்து கேட்கப்பட்ட கேள்வி, அப்படி நிற்கப் பழகியவர்களுக்கே எளிதாக இருந்திருக்கிறது.

இதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே வலுவான சான்று உண்டு. பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் 1949-50ஆம் ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளரிடையே தங்கிக் கள ஆய்வு செய்தவர். 1966இல் வெளிவந்த தம் பெரிய நூலில், சாதியச் சமூகத்தில் தனி ஆளைவிடச் சமூகம் என்ற முழுமையே மதிப்புக்குரியது என்றும், மேற்குலகம் போற்றும் பொருளில் தனிமனிதர் என்று ஒருவர் உண்டென்றால் அவர் சமூகத்தைத் துறந்த சந்நியாசி மட்டுமே என்றும் வாதிட்டார். சிகாகோ பல்கலைக்கழக மானுடவியலாளர் மெக்கிம் மாரியட் 1976இல் வேறு பாதையில் சென்று, இந்தியர் மூடிய அலகு அல்லர், உணவு வழியாகவும் தொடுதல் வழியாகவும் பிறருடன் தம்முள் இருக்கும் கூறுகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருப்பவர் என்றார். இலங்கையில் பிறந்த மானுடவியலாளர் வாலண்டைன் டேனியல் 1984இல் அதைத் தமிழகக் கிராமம் ஒன்றில் பொருத்தி, மனிதருக்கும் அவர் வாழும் மண்ணுக்கும் வீட்டுக்கும் இடையே ஓடும் பரிமாற்றத்தை எழுதினார். பிறகு அமெரிக்க மானுடவியலாளர் மேட்டிசன் மைன்ஸ் வந்தார். அவர் சாதி விதிகளையோ சடங்குகளையோ முதன்மைப்படுத்தாமல், சென்னையிலும் பிற ஊர்களிலும் மனிதர்களிடம் அவரவர் வாழ்க்கைக் கதையைக் கேட்டார். குடும்பத்தை மீறி எடுத்த முடிவுகள், மறைத்து வைத்த ஆசைகள், வயது ஏற ஏறத் தம் வாழ்வைத் தாமே தீர்மானித்த தருணங்கள் எல்லாம் அந்தக் கதைகளில் வந்தன.

நால்வரையும் படித்த எனக்கு, இவர்களில் யார் சரி என்பதைவிட, ஒவ்வொருவரும் தேடிய இடத்திலேயே தாம் தேடிய மனிதரைக் கண்டார்கள் என்பதே முக்கியமாகப் படுகிறது. சடங்கைப் பார்த்தால் குழுவே தெரியும். வாழ்க்கைக் கதையைக் கேட்டால், அந்த வடிவமே ஒரு கதாநாயகரைக் கேட்பதால், தனிமனிதர் எழுந்து வருவார். ஆகவே மேற்கத்திய அளவுகோலைக் கைவிட்டு உள்ளூர்க் கருத்துக்கு மாறினாலே சிக்கல் தீர்ந்துவிடும் என்று சொல்பவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. 'இந்தியச் சுயம்' என்பதும் ஆய்வாளர் கையோடு கொண்டுபோகும் முன்முடிவாக மாறக்கூடியதே.

கணக்கெடுப்புகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இந்திய அரசின் தேசியக் குடும்ப நல ஆய்வில் மணமான பெண்களிடம், உங்கள் உடல்நலம் தொடர்பான முடிவை வழக்கமாக யார் எடுக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். முக்கியமாக நீங்கள், முக்கியமாகக் கணவர், இருவரும் சேர்ந்து, வேறு யாராவது என்பவை விடைகள். நான் ஒருமுறை இதே பாணியிலான வினாத்தாளோடு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பெண் வாய் திறப்பதற்குள், "அவளுக்கு என்ன தெரியும், நாங்கதான் கூட்டிட்டுப் போவோம்" என்று மாமியார் பதில் சொன்னார். பெண்ணோ சிரித்துவிட்டு, "காசு அவர் கொடுப்பாரு, எந்த டாக்டர்னு அத்தை சொல்வாங்க, என்னைக்குப் போறதுன்னு நான்தான் பார்த்துப்பேன்" என்றார். அந்த விடைக்குத் தாளில் கட்டம் இல்லை. 'வேறு யாராவது' என்பதில் டிக் அடித்தால் அவர் அதிகாரமற்றவராகிவிடுவார், 'சேர்ந்து' என்பதில் அடித்தால் மாமியார் மறைந்துவிடுவார். முடிவு என்பது ஒரு தலைக்குள் ஒரு நொடியில் நடப்பது என்ற எண்ணம் அந்தக் கட்டங்களுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

ஆனாலும் தனியாகக் கேட்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே தேசிய ஆய்வில் குடும்ப வன்முறை குறித்த கேள்விகளை, பிறர் காதில் விழாத தனிமை கிடைத்தால் மட்டுமே கேட்க வேண்டும் என்பது விதி. குடும்பத்துக்குள்ளேயே ஒத்துழைப்பும் மோதலும் சேர்ந்தே இருக்கின்றன என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் காட்டியதை நினைத்துக்கொண்டால் இதன் நியாயம் புரியும். குடும்பத்தை ஒற்றை அலகாக வைத்து அதன் தலைவரிடம் மட்டும் கேட்டால், சாப்பாட்டில் யாருக்குக் குறைகிறது, அடி யார்மேல் விழுகிறது என்பதெல்லாம் தரவில் ஏறவே ஏறாது. எனவே மருத்துவச் செலவைப் பற்றிய கேள்வியை நான்கு பேரைச் சேர்த்து உட்காரவைத்துக் கேட்கலாம். வன்முறையைப் பற்றிய கேள்வியை, பக்கத்தில் நிற்கும் மாமியாரை எப்படியாவது வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணிடம் மட்டுமே கேட்க வேண்டும்.