“புதையல் வேட்டை” என்ற சொல்லைத் தவிருங்கள்

மதுரையை அடுத்த கீழக்குயில்குடியில் “புதையல் வேட்டை” என்று நீங்கள் சொன்னதும் டீக்கடைக்காரர் சந்தேகத்தோடு விசாரித்தார், இனி என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அங்கே கேட்பவர்களிடம், “செல்போனில் ஜிபிஎஸ் பார்த்து, யாரோ ஒளித்து வைத்த டப்பாவைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு, பெயர் ஜியோகேச்சிங்” என்று மட்டும் சொல்லுங்கள்.

டீக்கடைக்காரர் உங்களைச் சந்தேகத்தோடு விசாரித்ததற்கு, நீங்கள் சொன்ன “புதையல் வேட்டை”யே காரணமாக இருக்கக்கூடும். அங்குள்ள சமணர் மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால், அங்கே புதையல் என்றதும் கடப்பாரையும் குழியும்தான் ஊராருக்கு நினைவுக்கு வரும். இத்தனைக்கும் டப்பாவை மண்ணில் புதைப்பது இந்த விளையாட்டின் விதிக்கே புறம்பானது. (2000 மே 3 அன்று அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இந்த விளையாட்டின் முதல் டப்பாவாக வைக்கப்பட்ட வாளியே பாதி புதைந்திருந்தது என்பது வேறு கதை.)

நம்மை ஜியோகேச்சர், சுருக்கமாகக் கேச்சர் என்று சொல்லிக்கொள்வதே வழக்கம். விளையாட்டை அறியாதவரை “மகிள்” என்பார்கள். அந்தச் சொல் டீக்கடைக்காரர் காதில் விழ வேண்டாம்.

அந்த ஒற்றை வரியை முதலில் வீட்டுப் பெரியவரிடம் சொல்லிப் பாருங்கள். “உள்ளே என்னப்பா இருக்கும்?” என்று அவர் கேட்டால், கையெழுத்துப் போடும் சிறு நோட்டு என்று சொன்னால் போதும், “எவ்வளவு பெறும்?” என்று கேட்டால் புதையல் நினைப்பு இன்னும் போகவில்லை என்று பொருள்; வரியை மாற்றுங்கள்.

ஆனால் மலையில் சமணத் துறவிகளுக்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகளின் அருகே காவலாளி கிளம்பச் சொன்னால், எந்த விளக்கமும் தராமல் கிளம்பிவிடுங்கள்.