தவளைகளை எண்ணாமலேயே ஓர் இனத்தை 'மிக அருகிய இனம்' என்று எப்படி அறிவிக்கிறார்கள்?

பெரும்பாலான தவளை இனங்களைத் தலை எண்ணி மதிப்பிட முடியாது. அதனால், இனங்களின் அழிவு ஆபத்தை வகைப்படுத்தும் ஐயூசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சிவப்புப் பட்டியலில் பரப்பளவு விதிதான் அதிகம் பயன்படுகிறது. வரைபடத்தை 2×2 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, அந்த இனம் வாழும் கட்டங்களைக் கூட்டுவார்கள். 10 சதுர கி.மீ.க்குக் குறைந்தால் மிக அருகியது, 500க்குக் குறைந்தால் அருகியது, 2,000க்குக் குறைந்தால் அழிவாய்ப்புள்ளது.

பலர் தவறவிடும் இடம் இதுதான்: பரப்பு சிறியதாக இருப்பது மட்டும் போதாது. வாழிடம் துண்டுபட்டிருத்தல் அல்லது மிகச் சில இடங்களில் மட்டும் இருத்தல், தொடர்ந்து குறைதல், எண்ணிக்கை கடுமையாக ஏறி இறங்குதல் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். ஒரே ஓடையில் வாழும் தவளை, அந்த ஓடைக்கு எந்த ஆபத்தும் இல்லையென்றால், இந்த விதியின்கீழ் வராது. காடு அழிவது உறுதியாகத் தெரிந்தால், அதையே குறைவதற்கான சான்றாக ஏற்பார்கள்.

காடு அப்படியே இருக்கும்போதும் தவளைகள் மறையலாம். கைட்ரிட் பூஞ்சை தோலைத் தாக்கி உப்புச் சமநிலையைக் குலைக்க, இதயம் நின்றுவிடும். கோஸ்டா ரிக்காவின் பொன் தேரை 1987இல் ஆயிரத்துக்கு மேல் தென்பட்டது. 1989இல் ஒன்றே ஒன்று. அதற்குப் பின் யாரும் பார்க்கவில்லை. இந்தப் பூஞ்சையும் அப்போதைய வறட்சியும் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

சிவப்புப் பட்டியலில் உள்ள 'தரவு போதாது' என்ற வகையைப் பாதுகாப்பானது என்று தயவுசெய்து படிக்காதீர்கள். மதிப்பிடப் போதிய தகவல் இல்லை என்பதே அதன் பொருள். அந்த இனம் அழிவின் விளிம்பிலும் இருக்கலாம்.