சலூன் பேசினுக்கு அடியில் 38,500 ரூபாய்ப் பெட்டி: வாங்கலாமா?

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் வாடகைக் கட்டடத்தில் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்துகிறேன். நானும் உதவிக்கு ஒரு பெண்ணும்தான் வேலை செய்கிறோம். தலைக்கு டை போட்டுக்கொள்ள நாளொன்றுக்கு மூன்று, நான்கு பேர் வருவார்கள். முகூர்த்த மாதங்களில் கூடும். ஒரு விற்பனையாளர் வந்து, டை அலசிய தண்ணீர் வைகையைக் கெடுக்கிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் எப்போது வேண்டுமானாலும் வந்து அபராதம் போடுவார்கள் என்றார். பேசினுக்கு அடியில் மாட்டும் மூன்று அடுக்கு வடிகட்டியின் விலை 38,500 ரூபாய். ஆண்டுப் பராமரிப்பு 6,000 ரூபாய் தனி. திருப்பூர் சாயப்பட்டறைகளில் உள்ள அதே தொழில்நுட்பம் என்று துண்டறிக்கையில் போட்டிருக்கிறது. டிடிஎஸ் மீட்டர் வைத்து அளந்தும், மை கலந்த தண்ணீரைத் தெளிய வைத்தும் காட்டினார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஆனால் டை தண்ணீரை அப்படியே விடக் கூடாது என்ற உங்கள் அக்கறை நியாயமானது. அதைக் கைவிட வேண்டாம். அவர் கேட்கும் விலையில் கால்வாசிகூட இல்லாமல் அந்த வேலையை முடிக்கலாம்.

முதலில் அவர் காட்டிய வித்தைகளைப் பார்ப்போம். டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளந்து, அதிலிருந்து கரைந்த உப்பின் அளவைச் சொல்லும் கருவி. டையில் நாம் கவலைப்பட வேண்டிய பாரா-ஃபீனிலீன்டைஅமீன், ரிசார்சினால் போன்ற பொருள்களைக் கண்டுபிடிக்க அதனால் ஆகாது. நல்ல ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில்கூட அந்த மீட்டர் பெரிய எண்ணைக் காட்டும். மையைத் தெளிய வைத்ததும் பெரிய சாதனை இல்லை. இத்தகைய வடிகட்டிகளில் இருப்பது கார்பன், அதாவது நுண்துளைகள் நிறைந்த 'ஆக்டிவேட்டட் கார்பன்' என்னும் கரி. அது புதிதாக இருந்தால் எதுவானாலும் முதல் சில லிட்டர் மையைக் குடித்துவிடும். ஆயிரமாவது லிட்டரில் என்ன ஆகும் என்று யாரும் செய்து காட்டுவதில்லை. திருப்பூர் விஷயத்துக்கு வந்தால், நொய்யல் ஆறு கெட்டதற்காக 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு அங்கே இயங்குபவை சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கும் கலன்களும் கொண்ட பெரிய நிலையங்கள். அவற்றில் எதையும் பேசினுக்கு அடியில் திணிக்க முடியாது.

இனி முக்கியமான கணக்கு. சாயப் பொருளைப் பிடிப்பது கார்பன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது பிடிப்பதற்குத் தண்ணீர் அதனோடு சற்று நேரம் தங்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைப்பவர்கள் பொதுவாகப் பத்து முதல் இருபது நிமிடம் வரை கணக்கு வைப்பார்கள். பேசின் குழாயை நன்றாகத் திறந்தால் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் போகிறது என்று கொள்ளுங்கள். வழக்கமான பத்து அங்குலக் கார்ட்ரிட்ஜ் முழுக்கக் கார்பனாகவே இருந்தாலும் அதன் கொள்ளளவு ஒரு லிட்டருக்கும் குறைவு. ஆக, உங்கள் டை தண்ணீர் அதற்குள் இருக்கும் நேரம் எட்டு, ஒன்பது விநாடிதான். அதற்குப் பதிலாக இருபது அங்குல 'ஜம்போ' தருகிறேன் என்பார். அதிலும் ஒரு நிமிடம் தேறாது. விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: 'உள்ளே கார்பன் எத்தனை லிட்டர், தண்ணீர் எத்தனை நிமிடம் நிற்கும்?' பதில் சொல்லாமல் நானோ, வெள்ளி, ஜெர்மன் என்று பேச்சை மாற்றினால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதே பேசினில் ஷாம்பு, கண்டிஷனர், தலையில் தேய்த்த நல்லெண்ணெய் எல்லாம் இறங்குகின்றன. எண்ணெயும் சிலிக்கோனும் கார்பனின் நுண்துளைகளை மூடிவிடும். எந்தப் பொருளுக்காகக் கார்பன் வாங்கினீர்களோ அது வந்து சேர்வதற்குள் இடம் நிறைந்திருக்கும். பந்தி தொடங்குமுன் இலையில் யாரோ உட்கார்ந்துவிட்ட கதைதான்.

அடுக்குகளில் ஒன்று ஆர்.ஓ. என்றால் அது இன்னும் வீண். ஆர்.ஓ. எதையும் அழிப்பதில்லை. ஒரு பக்கம் தெளிந்த நீரையும் மறு பக்கம் அடர்ந்த கழிவையும் தரும். அந்த அடர்ந்த கழிவு மறுபடி உங்கள் சாக்கடைக்குத்தான் போகும். புறஊதா விளக்கு கிருமிக்கு ஆனது. சாயத்துக்கு அதனால் பயனில்லை.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் குழாய் எங்கே போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாதாளச் சாக்கடையில் சேர்ந்தால் மாநகராட்சியின் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் நிலையங்கள் இருக்கின்றன. மழைநீர் வடிகாலில் சேர்ந்தால் கிருதுமால் ஆற்றுப் பக்கமோ பந்தல்குடி வாய்க்கால் பக்கமோ போய், எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் வெளியே கலக்கும். இந்த வேறுபாட்டைச் சட்டமும் பார்க்கிறது. பொதுச் சாக்கடையில் விடும் கழிவுநீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்; இது கூடினால் அழுக்கு கூடுதல் என்று பொருள்) லிட்டருக்கு 350 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது மத்திய அரசின் விதி. ஆற்றிலோ குளத்திலோ நேரே விட்டால் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒரு வாளி சோப்பு நுரையைப் பேசினில் ஊற்றிவிட்டுத் தெருவில் எந்த மூடிக்குக் கீழே நுரை வருகிறது என்று பாருங்கள். ஐயம் இருந்தால் வார்டு உதவிப் பொறியாளரைக் கேளுங்கள். மழைநீர் வடிகாலில் சேர்ந்திருந்தால் இணைப்பை மாற்றச் சொல்லிக் கட்டட உரிமையாளரிடம் பேசுவதுதான் முதல் செலவு. எந்த வடிகட்டியும் அதற்கு ஈடாகாது.

அடுத்து, கலவையைக் குறையுங்கள். ஒரு தலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே கலக்குங்கள். கிண்ணத்தில் மிஞ்சியதைப் பேசினில் கழுவவே கூடாது. ஒரு கிண்ணத்தின் மிச்சத்தில் அலசல் தண்ணீரில் போவதைவிட அதிகச் சாயம் இருக்கலாம். பழைய செய்தித்தாளிலோ மரத்தூளிலோ வழித்துப் போட்டுக் காற்றாட விட்டால் சாயம் கறுத்துக் காய்ந்துவிடும். அதை அபாயகரக் கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். டெவலப்பர் கலந்த மிச்சத்தை மூடிய பாட்டிலில் அடைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும், பாட்டில் வெடிக்கும். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. பாரா-ஃபீனிலீன்டைஅமீன் வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும்.

பிறகுதான் வடிகட்டி. டை அலசும்போது முதலில் கறுத்து வரும் தண்ணீரை மட்டும் ஒரு தொட்டியில் பிடியுங்கள். ஷாம்பு போடத் தொடங்கியதும் பழையபடி சாக்கடைக்கு விடலாம். பேசினுக்கு அடியில், தண்ணீரைத் தொட்டிக்கோ சாக்கடைக்கோ திருப்பிவிடும் வால்வு ஒன்று போதும். பிளம்பர் அரை நாளில் மாட்டிவிடுவார். ஆளுக்கு ஆறு லிட்டர் என்றால் நான்கு பேருக்கு 24 லிட்டர். இதை இரவு முழுவதும் தொட்டியிலேயே நிறுத்துங்கள். மிஞ்சிய பெராக்சைடு அடங்கும், முடியும் கசடும் அடியில் தங்கும். பெராக்சைடோடு அப்படியே கார்பனில் விட்டால் குமிழி கிளம்பி ஓட்டத்தை அடைக்கும். மறுநாள் வேட்டித் துணியில் வடித்து, குழாய் வைத்த வாளியில் ஐந்து கிலோ குருணைக் கார்பனைப் போட்டு அதன் வழியே சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஐந்து கிலோ கார்பன் ஏறக்குறையப் பத்து லிட்டர் இடம் பிடிக்கும். 24 லிட்டரைப் பத்து மணி நேரத்தில் இறக்கினால் கார்பனுக்குக் கிடைக்கும் நேரம் நான்கு மணி. எட்டு விநாடி எங்கே, நான்கு மணி எங்கே!

தேங்காய்ச் சிரட்டையில் செய்த கார்பனாகக் கேளுங்கள். காங்கேயம் பக்கம் தயாராகிறது. கிலோ சில நூறு ரூபாய்தான். அயோடின் எண் (கார்பனின் பிடிக்கும் திறனைக் காட்டும் அளவு) 900-க்கு மேல் என்று மூட்டையில் அல்லது சான்றில் இருக்க வேண்டும். அடுப்புக்கரி இதற்கு உதவாது. புதிய கார்பனை ஓர் இரவு ஊறவைத்து, கருந்தூள் போகும்வரை அலசிய பிறகு பயன்படுத்துங்கள். ஒரே வாளியைவிட இரண்டு வாளி அடுத்தடுத்து வைப்பது நல்லது. முதல் வாளியிலிருந்து இறங்கும் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். லேசாக நிறம் தெரிந்தால் அந்தக் கார்பனை எடுத்துவிட்டு, இரண்டாவதை முதலிடத்துக்கு நகர்த்தி, பின்னால் புதியதை வையுங்கள். ஒரே வாளி இருந்தால் நிறம் தெரியும் நேரத்தில் சாயம் ஏற்கெனவே வெளியே போயிருக்கும்.

பழைய கார்பனை வெயிலில் காயவைத்தால் புதிதாகிவிடும் என்று சொல்லி ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் வாங்குகிறவர்கள் உண்டு. அழுக்கு போகும், ஈரம் போகும். துளைக்குள் ஒட்டிய சாயம் போகாது. அதை எடுப்பதற்கு உலையில் பல நூறு டிகிரிச் சூடு வேண்டும். தீர்ந்த கார்பனைப் பூந்தொட்டியில் கொட்டாமல், காய்ந்த டையோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

இதிலும் பிடிபடாதவை உண்டு. அமோனியாவைக் கார்பன் பிடிக்காது. உங்கள் அளவுக்கு அது பெரிய விஷயமில்லை. பாதாளச் சாக்கடையில் ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறது. ஸ்ட்ரெய்ட்டனிங் திரவத்தில் வரும் ஃபார்மால்டிஹைடையும் கார்பன் சரியாகப் பிடிக்காது. ஆனால் அது சாக்கடைக்குப் போகும் முன்பே, சூடான இரும்பு பட்டதும் ஆவியாகி உங்கள் மூக்குக்கும் உதவியாளர் மூக்குக்கும் வருகிறது. அந்தச் சரக்கையே வாங்காமல் இருப்பது ஒன்றுதான் வழி.

அபராத மிரட்டலுக்கு ஒரு வார்த்தை. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, வாரியம் வகுத்த தரத்தின்படி மாசு எனப்படும் பொருளை நீர்நிலையிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ நிலத்திலோ விடுவதைத் தடுக்கிறது. இன்ன நிறுவனத்தின் பெட்டியை வாங்கு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாரியம் ஒப்புதல் தந்த கருவி என்றால் அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள். துண்டறிக்கையில் அச்சிட்ட முத்திரை நகல் ஆகாது.

கேள்வி: ஒத்தக்கடையில் சொந்த வீடு. கீழ்த்தளத்தை ஆண்கள் சலூனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். பாதாளச் சாக்கடை இல்லை. செப்டிக் டேங்கும் உறை இறக்கிய குழியும்தான். சில மாதங்களாகப் போர் தண்ணீரைக் குலுக்கினால் நுரை நிற்கிறது, வாடையும் இருக்கிறது. வீட்டுக்குப் பெரிய ஆர்.ஓ. போட்டுவிடலாமா?

பதில்: உங்களுக்கு டையைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. ஷாம்பு நுரை போருக்கு வந்து சேர்கிறது என்றால் குழிக்கும் போருக்கும் இடையே வழி திறந்திருக்கிறது. கழிப்பறைக் கிருமியும் அதே வழியில் வரும். இன்றைக்கே அந்தத் தண்ணீரைக் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்துங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கோலிஃபார்ம் கிருமிச் சோதனையையும் சேர்த்துக் கேட்டு மாதிரி கொடுங்கள். வெறும் டிடிஎஸ், கடினத்தன்மை மட்டும் பார்த்தால் உண்மை தெரியாது.

சலூன் தண்ணீரைச் செப்டிக் டேங்கில் விடுவதையும் நிறுத்த வேண்டும். அங்கே வேலை செய்வது பாக்டீரியா. பிளீச், கிருமிநாசினி, கண்டிஷனரில் உள்ள சில வேதிப்பொருள்கள் எல்லாம் அவற்றைக் கொல்லக்கூடியவை. பாக்டீரியா செத்தால் டேங்க் வெறும் தொட்டி. அரைகுறைக் கழிவு குழிக்கு வழியும். சலூனுக்குத் தனிக் குழாய், முடி பிடிக்கும் சல்லடை, கசடு தங்கும் தொட்டி, போரிலிருந்து முடிந்தவரை தள்ளி வேறு குழி என்று மாற்றுங்கள். மேலே சொன்ன கார்பன் வாளியை வாடகைதாரர் வைக்கட்டும். ஆர்.ஓ. இதற்கெல்லாம் பிறகு, அதுவும் தேவைப்பட்டால். மூலத்தை விட்டுவிட்டுச் சமையலறையில் கருவி மாட்டினால் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் சேர்த்துக் கேடு.

கேள்வி: உசிலம்பட்டியில் தனியாகச் சலூன் நடத்துகிறேன். இதே மாதிரி வடிகட்டி ஒன்றை 27,000 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். ஒரு மாதத்தில் அடைத்துப் பேசினில் தண்ணீர் தேங்குகிறது. விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை. தொழிலுக்கு வாங்கிய பொருள் என்பதால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: நண்பர் சொல்வது பாதி உண்மை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருளை வணிக நோக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. கோவையைச் சேர்ந்த பி.எஸ்.ஜி. தொழிற்கல்வி நிறுவனம் தொடர்பான வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போய்விடாது என்றது. தனியாகக் கடை நடத்தும் நீங்கள் தாராளமாகப் போகலாம். புகாரில் இந்தக் கடைதான் என் பிழைப்பு என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பலர் அதை விட்டுவிட்டு வழக்கைக் கோட்டைவிடுகிறார்கள்.

முதலில் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிப் பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். நகரவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். நிறுவனம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடச் சட்டம் அனுமதிக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது; குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில், உத்தரவாத அட்டை, துண்டறிக்கை, தேங்கிய பேசினின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். துண்டறிக்கையில் என்ன வாக்குறுதி கொடுத்தார்கள் என்பதுதான் உங்கள் வழக்கின் பலம். இதற்கிடையில் அந்தக் கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் பார்க்காதீர்கள். நீங்களே பிரித்துக் கெடுத்தீர்கள் என்பார்கள்.

கேள்வி: அமோனியா இல்லாத டை, மூலிகை ஹென்னா என்று மாறிவிட்டால் வடிகட்டியே வேண்டாம்தானே?

பதில்: அமோனியா இல்லாத டையில் பெரும்பாலும் அமோனியாவுக்குப் பதில் எத்தனாலமீன் இருக்கும். வாடை குறையும், சாயப் பொருள் அதேதான். ஹென்னா என்றால் மருதாணி. சுத்தமான மருதாணி செம்பட்டை நிறம்தான் தரும். பாக்கெட்டில் 'கறுப்பு ஹென்னா' என்றும், அரை மணியில் கருகரு என்று மாறும் என்றும் போட்டிருந்தால் உள்ளடக்கப் பட்டியலைப் பாருங்கள். பாரா-ஃபீனிலீன்டைஅமீன் அல்லது டொலுயீன்-2,5-டைஅமீன் என்று இருந்தால் அது டைதான், வாளியும் கார்பனும் வேண்டும். பட்டியலே இல்லாத பாக்கெட் என்றால் வாங்காதீர்கள். மருதாணி, அவுரி இலைப் பொடி மட்டும் என்றால் துணியில் வடித்து மண்டியைக் குப்பைக் குழியில் போட்டாலே போதும்.