வாசலில் மாட்டிய ‘நாய் ஜாக்கிரதை’ பலகை யாருக்குச் சாட்சி?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற அரசு ஊழியன். மகன் வாங்கிய லாப்ரடார் நாயை, அவன் வெளிநாட்டுக்குப் போன பிறகு 4 வருடமாக நானும் மனைவியும் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம். லைசென்ஸ் மகன் பெயரில் இருக்கிறது. தடுப்பூசி ஒன்றுகூடத் தவறியதில்லை. போன மாதம் வேலைக்கு வரும் பெண் கேட்டைச் சாத்தாமல் போய்விட, நாய் தெருவுக்கு ஓடி எதிர்வீட்டு 7 வயதுப் பையனைக் கன்னத்தில் கடித்துவிட்டது. 5 தையல். அந்தப் பையன் தினமும் கேட்டுக்குள் குச்சியை விட்டுச் சீண்டுவான். அவன் அப்பாவுக்கும் எங்களுக்கும் பார்க்கிங் தகராறு வேறு. அந்த வன்மத்தில்தான் போலீசுக்குப் போயிருக்கிறார். ஆறு மாதத்துக்கு முன் ஒரு கூரியர் பையனின் காலை லேசாகக் கவ்வியதைத் தவிர எங்கள் நாய் யாரையும் தொட்டதில்லை. அப்போதே ‘நாய் ஜாக்கிரதை’ பலகை மாட்டிவிட்டோம். ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதாக சி.எஸ்.ஆர். ரசீது போட்டிருக்கிறார்கள், எஃப்.ஐ.ஆர். இன்னும் இல்லை. ஒரு பல் தடத்துக்கு 10,000 ரூபாய் என்று ஹைகோர்ட்டே சொல்லியிருக்கிறது என எதிர்வீட்டுக்காரர் கணக்குப் போடுகிறார். ‘கோர்ட்டில் ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டினால் முடிந்தது’ என்கிறார் நண்பர் ஒருவர். மனைவியோ நாயைத் தூரமாக எங்காவது விட்டுவிடலாம் என்று அழுகிறாள். அடுத்த வருடம் மகனைப் பார்க்க விசா எடுக்க வேண்டும். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கேள்வியில் சட்டத்துக்கு வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அதை நீங்கள் ‘தவிர’ என்று சொல்லி ஓரமாக ஒதுக்கியிருக்கிறீர்கள். கூரியர் பையனின் காலைக் கவ்வியது.

பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 291-வது பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289தான். தன் வசம் இருக்கும் விலங்கால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து வரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ அலட்சியமாகவோ செய்யாமல் விட்டவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதுவரை யாரையும் சீண்டாத நாய் திடீரென்று கடித்திருந்தால், ‘இப்படி நடக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை’ என்று வாதாட உங்களுக்கு நல்ல இடம் இருந்திருக்கும். சிவில் வழக்கிலும் அப்படித்தான். நாயின் முரட்டுத்தனம் உரிமையாளருக்கு முன்பே தெரியும் என்று காட்டிவிட்டால், அவருடைய கவனக்குறைவைத் தனியாக நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது நம் கோர்ட்டுகள் பின்பற்றிவரும் பழைய கொள்கை. உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு ஆதாரமாக வாசலில் பலகையும் மாட்டி வைத்திருக்கிறீர்கள். கேட்டுக்குள் அத்துமீறி வருகிறவனிடம் அந்தப் பலகையைக் காட்டிப் பேசலாம். தெருவில் நின்ற குழந்தை விஷயத்தில் அது எதிர்த்தரப்புச் சாட்சி.

மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். பார்க்கிங் தகராறு: புகார் கொடுத்தவருக்கு வன்மம் இருப்பதால் தையல் மறைந்துவிடாது. பையன் சீண்டினான் என்பது: 7 வயதுக் குழந்தையின் மேல் கவனக்குறைவைச் சுமத்த எந்த நீதிபதியும் எளிதில் ஒப்ப மாட்டார். தினமும் சீண்டினான் என்று நீங்களே சொன்னால், நாய் அந்தப் பையன் மேல் ஆத்திரமாக இருந்தது உங்களுக்குத் தெரியும் என்றும் ஆகிறது. வேலைக்கார அம்மா: கேட்டைச் சாத்தவும் நாயைக் கட்டவும் ஏற்பாடு செய்ய வேண்டியது நீங்கள். லாப்ரடார் சாதுவான இனம் என்பது: 291-வது பிரிவு ‘எந்த விலங்கும்’ என்கிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி அனுப்பிய சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது. அது நின்றிருந்தாலும் இங்கே இனத்தை வைத்துப் பேச ஒன்றுமில்லை. லைசென்ஸ் மகன் பெயரில் இருப்பதும் அப்படியே. சட்டம் பார்ப்பது யார் வசம் நாய் இருந்தது என்பதை. மகனை இதில் இழுக்காதீர்கள், உங்கள் பொறுப்பும் குறையாது, அவனுக்கும் தலைவலி.

பல் தடக் கணக்குக்கு வருவோம். 2023-இல் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்திருந்தால் 0.2 செ.மீ. காயத்துக்குக் குறைந்தது 20,000 என்று சொன்னது உண்மை. தெருவில் திரியும் விலங்குகளால் வரும் பாதிப்புக்கு அரசு கொடுக்க வேண்டிய இழப்பீடு பற்றிய வழக்கு அது. வளர்ப்பு நாய்க்கான விலைப்பட்டியலாக அதை உங்கள் ஊர் சிவில் கோர்ட்டில் நீட்ட முடியாது. ஆனால் இதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். முகத்தில் தழும்பு நிற்கும் என்று டாக்டர் சொன்னால், பல் கணக்கை விட அதிகமாகவே தொகை வரலாம்.

எல்லாமே அந்த டாக்டர் சொல்வதில்தான் திரும்பும். முகம் நிரந்தரமாக விகாரப்படுவது சட்டப்படி கொடுங்காயம். காயச் சான்றில் அப்படி வந்துவிட்டால் 291-உடன், அலட்சியச் செயலால் கொடுங்காயம் விளைவிப்பதற்கான 125(பி) பிரிவும் சேரும், தண்டனை 3 வருடம் வரை உயரும். ஆஸ்பத்திரியில் போட்ட ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் வக்கீல் முதலில் பார்க்கட்டும்.

இப்போது உங்கள் நண்பரின் யோசனை. இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் இந்தக் குழியில் விழுந்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். ‘சின்ன கேஸ், ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு மத்தியானம் வீட்டுக்குப் போயிடலாம்’ என்று கோர்ட் வராந்தாவில் யாராவது சொல்வார்கள். கட்டுவார்கள். சில மாதம் கழித்து சிவில் கோர்ட் சம்மன் வரும். பிராதில் முதல் இணைப்பாகக் கிரிமினல் கோர்ட்டில் ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்று அவர்கள் சொன்ன பதிவு இருக்கும். அது சிவில் வழக்கை முடித்துவைக்கும் கடைசி வார்த்தை இல்லை, ஏன் ஒத்துக்கொண்டேன் என்று விளக்கலாம். ஆனால் அது உங்கள் வாயால் வந்த ஒப்புதல். கூண்டில் நின்று அதை விழுங்குவது லேசான காரியம் இல்லை. ஃபைன் அரசுக்குப் போனது, குழந்தைக்கு ஒரு பைசா போகவில்லை, இழப்பீடு அப்படியே பாக்கி.

உங்களுக்கு இன்னொரு இடியும் உண்டு. விசா விண்ணப்பத்தில் ‘எப்போதாவது குற்றவாளி எனத் தீர்ப்பாகியிருக்கிறதா’ என்று கேட்பார்கள். அபராதம் மட்டும்தான் என்றாலும் அது தண்டனைத் தீர்ப்புதான், ‘ஆம்’ என்றே எழுத வேண்டியிருக்கும். குற்றப்பத்திரிகையைக் கோர்ட் எடுத்துக்கொண்டு வழக்கு நிலுவையில் இருந்தாலோ, பாஸ்போர்ட் புதுப்பிக்கவே கோர்ட் அனுமதி தேவைப்படும். ஆகவே எஃப்.ஐ.ஆர். இல்லாத இந்த நேரம்தான் உங்களிடம் இருக்கும் ஒரே சொத்து. சமாதானமாகப் போங்கள். இதில் மானப் பிரச்சினை பார்க்காதீர்கள்.

ஆனால் சமாதானத்தையும் தப்பாகச் செய்ய முடியும். ஊர்ப் பெரியவர் முன்னால் ஒரு முத்திரைத்தாளில், ‘பணம் பெற்றுக்கொண்டு புகாரை வாபஸ் வாங்குகிறேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று பையனின் அப்பா கையெழுத்துப் போட்டுத் தருவார். பத்திரமாக பீரோவில் வைப்பீர்கள். அந்தத் தாளில் இரண்டு ஓட்டை.

முதலாவது, 291 சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. அப்படிப்பட்ட குற்றத்தில் பணம் வாங்கிக்கொண்டு வழக்கை அமுக்குவதாகச் செய்யும் ஒப்பந்தம், ஒப்பந்தச் சட்டம் 23-வது பிரிவின்படி செல்லாது. போலீஸ் தானாகவே நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்பதால் வாபஸ் வாங்கிய பிறகும் எஃப்.ஐ.ஆர். வரலாம். வந்துவிட்டால் உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 528-வது பிரிவில் ரத்து மனு போட்டு, அப்பாவின் பிரமாணப் பத்திரத்தோடு போய் நிற்க வேண்டும். ரத்து செய்கிறார்கள்தான். ஆனால் அது செலவும் அலைச்சலும், எதிர்வீட்டுக்காரரின் நல்ல மனசும் சேர்ந்தது.

இரண்டாவது ஓட்டைதான் பெரியது. கடிபட்டவன் மைனர். காயத்துக்கான இழப்பீடு கேட்கும் உரிமை அவனுடையது, அப்பாவுடையது இல்லை. காலவரையறை சாதாரணமாக 3 வருடம். மைனருக்கு அந்த 3 வருடம் 18 வயது முடிந்த பிறகே எண்ணப்படும். அதாவது அந்தப் பையன் 21 வயது வரை வழக்குப் போடலாம். அப்பாவின் கையெழுத்து மகனின் உரிமையை அடைத்துவிடும் என்று நம்பி 14 வருடம் நீங்கள் தூங்க முடியாது. வழக்கு போட்ட பிறகு செய்கிற சமரசத்துக்கும் சிவில் நடைமுறைச் சட்டம் 32-வது கட்டளை 7-வது விதிப்படி கோர்ட் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத சமரசத்தை மைனர் நினைத்தால் உடைக்கலாம், நீங்கள் உடைக்க முடியாது. இதைச் சொன்னால் கட்சிக்காரர்கள் நான் ஃபீஸுக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அந்த முத்திரைத்தாளையே நம்பிப் போய்விடுகிறார்கள்.

சரி, எப்படிச் செய்வது? இழப்பீடு என்ற சிவில் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அல்லது வட்டக் குழுவில், வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) கொண்டுபோங்கள். கோர்ட் கட்டணம் இல்லை. அங்கே வரும் உத்தரவு சிவில் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. தொகை மைனரின் நலனுக்கு உகந்தது என்று அந்த உத்தரவிலேயே பதிவாகட்டும், டாக்டரின் கருத்தும் இணைந்திருக்கட்டும், பணம் பையன் பெயரில் 18 வயது வரை நிரந்தர வைப்பில் போகட்டும். இதைவிடவும் இறுக்கமாக வேண்டும் என்றால் பையன் பெயரில் அப்பா ஒரு வழக்குப் போட்டு, 32-வது கட்டளையில் அனுமதி வாங்கிச் சமரசத்தைப் பதிவு செய்வது. கட்டணம் ஆகும். முகத் தழும்பு என்பதால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

புகாரைப் பற்றி அந்தச் சமரசப் பத்திரத்தில் ஒரு வரிகூட வேண்டாம். ‘என் நாயின் தவறு’, ‘என் அலட்சியம்’ என்ற சொற்களும் வேண்டாம். பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் பேசித் தீர்த்துக்கொள்வதாக எழுதுங்கள். ஆஸ்பத்திரி பில்லை நேரடியாக ஆஸ்பத்திரிக்கே வங்கி வழியாகக் கட்டுங்கள். ரொக்கமாக எதிர்வீட்டுக்காரர் கையில் எதுவும் கொடுக்காதீர்கள்.

தொகையை இந்த வாரமே முடித்துவிடத் துடிக்க வேண்டாம். தழும்பு முதிர ஒரு வருடம் வரைகூட ஆகலாம், குழந்தைக்குப் பின்னால் சீரமைப்பு அறுவை தேவைப்படுமா என்று இப்போதே யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். இப்போதைய செலவுக்கு ஒரு தொகை, பின்னால் அறுவை தேவைப்பட்டால் அதற்கு ஓர் ஏற்பாடு என்று இரண்டாகப் பேசுங்கள். ‘முழுமையும் இறுதியும்’ என்று எழுதி வாங்கிய அடிமாட்டுத் தொகையைத்தான் கோர்ட் குழந்தையின் நலனுக்கு விரோதம் என்று முதலில் தூக்கிப்போடும்.

இடையில் ஒன்றையும் அழிக்காதீர்கள். பலகையைக் கழற்றுவது, சி.சி.டி.வி. பதிவை அழிப்பது, தெரு வாட்ஸ்அப் குரூப்பில் கூரியர் பையன் விஷயமாகப் போட்ட மெசேஜை நீக்குவது எல்லாம் தோன்றும். மெசேஜின் ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே எதிர்வீட்டுக்காரரிடம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாட்சியமாகாமல் தடுக்க ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ அழிப்பது நியாய சன்ஹிதாவின் 241-வது பிரிவில் 3 வருடம் வரை சிறைக்குரிய தனிக் குற்றம். 6 மாதக் குற்றத்துக்குப் பயந்து 3 வருடக் குற்றத்தைச் செய்வார்களா? செய்கிறார்கள்.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், நாயை எங்கும் கொண்டுபோய் விடக்கூடாது. பசியும் தாகமுமாய் வாட விட்டுக் கைவிடுவது 1960-ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். வழக்குக்கும் அது கேடு. கடித்த நாளிலிருந்து 10 நாள் நாய் நலமாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் ரேபிஸ் இல்லை என்று மருத்துவம் ஏற்கிறது. நாய் இன்றும் உயிரோடு நலமாக இருக்கிறது என்று கால்நடை மருத்துவரிடம் தேதியிட்ட சான்று வாங்குங்கள், தடுப்பூசி அட்டையையும் இணையுங்கள். அதற்காக, எங்கள் நாய்க்கு ஊசி போட்டாகிவிட்டது, பையனுக்கு எதற்கு என்று எதிர்வீட்டில் போய்ச் சொல்லித் தொலைக்காதீர்கள். ஊசியை நிறுத்துவது டாக்டரின் முடிவு. உங்கள் பேச்சைக் கேட்டு நிறுத்தி ஏதாவது ஆனால், கதை நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவுக்குப் போய்விடும். அது அலட்சியத்தால் மரணம், 5 வருடம் வரை.

கடைசியாக, மகனிடம் இன்றே ஒன்று கேளுங்கள். நாய்க்கோ வீட்டுக்கோ இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறானா, அதில் மூன்றாம் நபர் பொறுப்பு சேர்ந்திருக்கிறதா என்று. இருந்தால், கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்து அவர்கள் சம்மதம் வாங்காமல் எதிர்வீட்டுக்காரரிடம் எந்தத் தொகைக்கும் தலையாட்டாதீர்கள். பாலிசியில் தகவல் சொல்ல நாள் கெடு போட்டிருப்பார்கள், சம்பவம் நடந்து ஏற்கெனவே ஒரு மாதம் ஆகிறது.