பணமாகவே கொடுக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஏழைக் குடும்பங்களுக்குப் பொருளாகக் கொடுப்பதைவிடப் பணமாகக் கொடுப்பதே மேல் என்று முன்பு ஒரு குறிப்பில் எழுதியிருந்தீர்கள். நண்பர்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு கிராமத்துக் குடும்பங்களுக்கு உதவ நினைக்கிறோம். குழுவில் பாதிப்பேர் ‘கையில் பணம் கொடுத்தால் குடித்தே தீர்த்துவிடுவார்கள், வீட்டுக்கு இரண்டு ஆடு வாங்கிக் கொடுத்துவிடலாம்’ என்கிறார்கள். பணம்தான் என்றால் மாதாமாதம் கொடுப்பதா, மொத்தமாகவா? கணவனிடமா, மனைவியிடமா? இருப்பவர்களிலேயே மிக ஏழைகளாகப் பத்துக் குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் சரியா? பணம் என்ன ஆனது என்று பிறகு எப்படித் தெரிந்துகொள்வது?

செ.

*

அன்புள்ள செ.,

உங்கள் குழு இரண்டாகப் பிரிந்து நிற்பது குடி விஷயத்தில் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2014-ல் டேவிட் எவன்ஸ், அன்னா பாப்போவா என்ற ஆய்வாளர்கள் இருவரும் உலக வங்கிக்காகப் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பண உதவி வந்தபின் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடியதாக அநேகமாக எந்த ஆய்விலும் தெரியவில்லை. சிலவற்றில் குறைந்திருந்தது.

‘குடித்தவன் ஒத்துக்கொள்வானா?’ என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில், திருட்டும் போதையுமாக வாழ்ந்த இளைஞர்களுக்கு ஆளுக்கு 200 டாலர் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. கிராமம் அல்ல, ஆனால் இதைவிடக் கடினமான சோதனை கிடையாது. அவர்களில் ஒரு பகுதியினருடன் உள்ளூர் ஆய்வாளர்கள் நாள்கணக்கில் கூடவே இருந்து பழகி, படிவத்தில் அவர்கள் சொன்னதோடு ஒப்பிட்டார்கள். கஞ்சா, சூதாட்டம், திருட்டு பற்றிச் சொன்னவை பெரும்பாலும் உண்மையாகவே இருந்தன. குறைத்துச் சொல்லப்பட்டவை சாதாரணச் செலவுகள்தாம். பணமும் பெரும்பாலும் அன்றாடத் தேவைக்கும் சின்ன வியாபாரத்துக்கும் போயிருந்தது.

ஏழை வீட்டில் பணம் வருவதற்கு முன்பே அதற்குக் கணக்கு எழுதப்பட்டுவிடுகிறது. கடைப் பாக்கி, போன மாதக் கைமாற்று, வட்டி, பிள்ளையின் கட்டணம், விதை, ஒழுகும் கூரை என்று வரிசை நிற்கிறது. வரும் தொகை அந்த வரிசையில் எதுவரை எட்டும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கொடுக்கும் விதம். ஆகவே ‘அவர்கள் என்ன செய்வார்கள்’ என்று கேட்பதைவிட ‘எவ்வளவு, எப்போது, எத்தனை தவணையில், யார் கையில்’ என்று கேட்பதில் உங்கள் குழு நேரம் செலவிடலாம்.

இதில் மொத்தமா, மாதமா என்பதுதான் பெரிய விஷயம். கென்யாவின் மேற்கே ரரியேடா பகுதியில் 2011 முதல் கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் கொடுத்த பணத்தை யோஹானஸ் ஹவுஷோஃபர், ஜெரமி ஷபீரோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆராய்ந்தார்கள். சில குடும்பங்களுக்குத் தொகை ஒரே தடவையாகப் போனது, சிலவற்றுக்கு ஒன்பது மாதமாகப் பிரிந்து போனது. யாருக்கு எப்படி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். மாதாமாதம் வாங்கிய வீடுகளில் உணவு நிலை மேம்பட்டது. மொத்தமாக வாங்கிய வீடுகளில் பணம் நிலைத்து நிற்கும் பொருளானது. குறிப்பாகத் தகரக் கூரை.

கூரையா என்று கேட்கத் தோன்றும். புல் வேய்ந்த கூரையை ஓரிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். புல்லுக்கும் ஆளுக்கும் திரும்பத் திரும்பச் செலவு. தகரம் பத்து வருடமும் அதற்கு மேலும் தாங்கும், மழைநீரைப் பிடித்து வைக்கலாம், சேமித்த தானியம் நனையாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆடம்பரமாகத் தெரியும் அந்தக் கூரை, வீட்டுக்காரருக்கு வருடா வருடம் போகும் செலவை நிறுத்தும் முதலீடு. அவர்களிடம் அதற்கான கணக்கு எப்போதுமே இருந்தது, ஒரே தடவையில் அவ்வளவு பணம்தான் இருந்ததில்லை.

தொகையைத் தீர்மானிக்கும்போது இதை மனதில் வையுங்கள். கூரை என்றால் தகரம் மட்டும் இல்லை. மரச்சட்டம், ஆணி, முகட்டுத் தகடு, தச்சர் கூலி, சரக்கு வந்து சேரும் வண்டிக்கூலி எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு கூரை. முக்கால்வாசிப் பணம் கொடுத்தால் முக்கால் கூரை வராது. தகரம் சுவரோரம் சாய்ந்து கிடக்கும், அவசரம் வந்தால் பாதி விலைக்குப் போய்விடும். மாடானாலும் தையல் இயந்திரமானாலும் இதே கதி. அந்த ஊரில் ஒரு குடும்பம் உண்மையில் வாங்க நினைக்கும் பொருளின் முழுச் செலவை விசாரித்து, அதற்குக் கொஞ்சம் மேலே தொகையை வையுங்கள். அந்த ‘கொஞ்சம்’ கடைப் பாக்கிக்குப் போகும். போகட்டும். பழைய கடனை அடைத்த வீட்டுக்குத்தான் அடுத்த முறை கடன் கிடைக்கும்.

கையிருப்பு அவ்வளவு இல்லை, மாதாமாதம்தான் முடியும் என்றால் அதையும் வீண் என்று நினைக்க வேண்டாம். கென்யாவில் பிறகு நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் ஒரு பிரிவினருக்கு ஆளுக்கு மாதம் 22.50 டாலர், 12 வருடத்துக்கு என்று உறுதி சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே தொகை இரண்டு வருடம் மட்டும். மூன்றாவது பிரிவுக்குச் சுமார் 500 டாலர் மொத்தமாக. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, தொழில் தொடங்கியதில் மொத்தமாக வாங்கியவர்களும் 12 வருட உறுதி பெற்றவர்களும் முன்னே இருந்தார்கள். நீண்டகாலப் பிரிவினர் தங்களுக்குள் சீட்டுக் கட்டி, மாதப் பணத்தைத் தாங்களே மொத்தப் பணமாக மாற்றிக்கொண்டார்கள்! நாளை வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒருவர் சீட்டில் சேர முடியும். ஆகவே மாதத் தவணை என்றால் எத்தனை மாதம், எந்தத் தேதி என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். நான்காம் மாதம் பத்து நாள் தாமதித்தால் அந்தக் குடும்பம் வட்டிக்கு வாங்கித்தான் சீட்டுத் தவணையைக் கட்டும்.

பருவத்தையும் பாருங்கள். விவசாயக் குடும்பத்துக்கு விதைப்புக்கு ஒரு மாதம் முன்பு வரும் பணம் விதையும் உரமும் ஆகும். அறுவடைக்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் வீட்டில் தானியம் தீர்ந்திருக்கும். அப்போது வருவது சாப்பாடாகும், ஆக வேண்டியதும் அதுதான். அறுவடை நேரத்தில் வந்தால், கடனுக்குப் பயந்து விளைந்ததை மலிவாக விற்காமல் விலை ஏறும்வரை வைத்திருக்க உதவும். மூன்றில் எது அந்த ஊரின் தேவை என்று அவர்களிடமே கேளுங்கள்.

ஆடு பற்றி. ஆடு வாங்க நினைக்கும் குடும்பம் பணம் கொடுத்தாலும் ஆடு வாங்கிவிடும். வேண்டாத குடும்பத்துக்கு நீங்கள் கொடுக்கும் ஆடு, மேய்க்க ஆளில்லாத வீட்டில் ஒரு பாரம். பதினைந்து பேர் ஒரே வாரத்தில் சந்தைக்குப் போய் இருபது ஆடு கேட்டால் விலை ஏறும், விற்பவர் நோஞ்சான் ஆடுகளைத் தள்ளிவிடுவார். குடும்பம் தானே வாங்கும்போது பல்லைப் பார்த்து, தெரிந்தவரிடம், பொறுத்திருந்து வாங்கும். உங்களிடம் கால்நடை மருத்துவர் இருந்தால் தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்யுங்கள், அது பணத்தோடு சேர்ந்து நன்றாக வேலை செய்யும்.

அதே நேரம், பொருள் எங்கே மேல் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிலிப்பைன்ஸில் நடந்த அரசுத் திட்டம் ஒன்றில், ஒதுக்குப்புறமான கிராமங்களில் பெரும்பாலான வீடுகளுக்குப் பணம் வந்தபோது முட்டை போன்ற சத்துள்ள, சீக்கிரம் கெடும் உணவுகளின் விலை ஏறியது. பணம் வாங்காத வீட்டுப் பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு கூடியது. வெளியிலிருந்து சரக்கு வர வழியில்லாத ஊரில் கூடுதல் பணம் கூடுதல் உணவாக மாறாது, விலையாகத்தான் மாறும். சாலை இருக்கிறதா, வாரம் எத்தனை முறை சரக்கு வண்டி வருகிறது என்று முதலில் பாருங்கள். சந்தை ஒழுங்காக நடக்கும் இடத்தில் இந்தப் பயம் குறைவு. கென்யாவின் சியாயா மாவட்டத்தில் 10,500 குடும்பங்களுக்கு ஏறக்குறைய 1,000 டாலர் வீதம் கொடுத்து, சுற்றுவட்டாரக் கிராமங்களையும் சேர்த்து அளந்தார்கள். விலைவாசி அசைந்தது மிகச் சிறிதளவே. பணம் வாங்காத வீடுகளின் செலவும் உயர்ந்தது, ஏனென்றால் வாங்கியவர்கள் அவர்களிடம்தான் செலவழித்தார்கள்.

பத்துக் குடும்பங்களை மட்டும் தேர்ந்தெடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கிவ்டைரக்ட்லி ஆரம்பத்தில் ‘புல் கூரை இருந்தால் உதவி’ என்று அளவுகோல் வைத்தது. பார்த்ததும் தெரியும், விசாரணைச் செலவு இல்லை. ஆனால் எப்போதோ சிரமப்பட்டுத் தகரம் போட்டுவிட்டு இன்று பட்டினி கிடப்பவர் வெளியே நிற்பார். அளவுகோல் தெரிந்துவிட்டால் பழைய குடிசைக்குக் குடிபோனதாகக் காட்டுபவரும் வருவார். அதே ஊரில் பக்கத்து வீட்டுக்குப் பணம் வந்து தனக்கு வராதவர்களின் மனநிறைவு குறைந்ததையும் கென்யாவில் அளந்திருக்கிறார்கள். பிறகு அது மங்கியது என்றாலும், அந்த மாதங்களில் ஒரு கிராமத்துக்குள் நடக்கும் கசப்பை நீங்கள்தான் உண்டாக்கியிருப்பீர்கள். சின்ன ஊராகப் பார்த்து எல்லா வீட்டுக்கும் கொடுங்கள். முடியாவிட்டால் எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல் போடுங்கள். ஊர்த் தலைவரிடம் பட்டியல் கேட்பது மட்டும் வேண்டாம்.

கணவனா, மனைவியா? தென்னாப்பிரிக்காவில் முதியோர் ஓய்வூதியம் பாட்டிமார் கைக்கு வந்த வீடுகளில் பேத்திகளின் எடையும் உயரமும் மேம்பட்டன, தாத்தா கைக்கு வந்தபோது அப்படி இல்லை என்று பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ காட்டினார். ரரியேடாவிலோ யார் பெயரில் கொடுத்தார்கள் என்பதால் பெரும்பாலான செலவுகளில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பெண் பெயரிலேயே கொடுங்கள் என்பேன், கணவனுக்கும் தெரியும்படி. ஒளித்து வைத்த பணம் வெளியே தெரியவரும் நாளில் அடி விழுவது அவளுக்கு. குடிநோயாளி இருக்கும் வீடு என்று முன்பே தெரிந்தால், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் மொத்தத்தைத் தவிர்த்துத் தவணையாக்குங்கள்.

பணம் போகும் வழியில்தான் திருட்டு நடக்கிறது. கொங்கோ ஜனநாயகக் குடியரசில், பாதுகாப்பு நிலவரம் காரணமாகக் களப்பணியாளர்களே பயனாளிகளின் சிம் அட்டைகளைப் பதிவு செய்ய அனுமதித்தார்கள். சிலர் அட்டைகளைத் தாங்களே வைத்துக்கொண்டு சுமார் 9 லட்சம் டாலரை எடுத்துவிட்டார்கள். கிவ்டைரக்ட்லியே 2023-ல் இதை வெளிப்படையாகச் சொன்னது. பாடம் எளிது: பெயர் சேர்ப்பவர் ஒருவர், கணக்கையோ சிம்மையோ சரிபார்ப்பவர் வேறொருவர், பணம் அனுப்புபவர் மூன்றாமவர். முதலில் மிகச் சிறிய தொகை ஒன்றை அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று பணம் பெறும் பெண்ணிடமே கேட்டபிறகு மீதியை அனுப்புங்கள். வங்கிக் கணக்கு என்றால் எந்தக் கணக்கு என்று அவருக்குத் தெரியுமா, எவ்வளவு தூரம் போய் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். 2015-16-ல் புதுச்சேரி, சண்டிகர், தாத்ரா நகர் ஹவேலி ஆகிய இடங்களில் ரேஷனுக்குப் பதில் பணம் போட்டபோது, அதை எடுக்க ஆன அலைச்சலும் செலவும் மக்களுக்குப் பெரும் புகாராக இருந்தன. நைஜர் நாட்டில் கைபேசி வழியே பணம் பெற்ற பெண்களின் வீடுகளில், கையில் ரொக்கமாக வாங்கிய வீடுகளைவிடப் பலவகை உணவு சமைக்கப்பட்டது. வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமானது ஒரு காரணம். செலவில் பெண்ணின் சொல் எடுபட்டது இன்னொன்று.

இன்னொன்று உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். கென்யாவின் ஹோமா பே பகுதியில் 2015-ல் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் பணமே வேண்டாம் என்று மறுத்தார்கள். சும்மா யார் கொடுப்பார், இது சாத்தான் காசு என்ற வதந்தி பரவியிருந்தது. ஆகவே முதல் கூட்டத்திலேயே யார் பணம், ஏன் கொடுக்கிறீர்கள், திருப்பித் தர வேண்டியதில்லை, ஓட்டோ மதமோ கேட்கமாட்டீர்கள் என்பதை ஊர்க்கூட்டத்தில் சொல்லுங்கள். பிறகு வீடு வீடாகவும் ஒருமுறை.

கடைசியாக, எப்படித் தெரிந்துகொள்வது. ரசீது கேட்காதீர்கள். கேட்டால் ரசீது வரும், உண்மை வராது. பணம் கொடுக்கும் முன்பே ஒரு பக்கக் குறிப்பு எழுதிவையுங்கள்: நேற்று எத்தனை வேளை சாப்பிட்டார்கள், எவ்வளவு கடன், யாரிடம், என்ன வட்டி, கூரை எது, எத்தனை கால்நடை, பிள்ளைகள் போன வாரம் எத்தனை நாள் பள்ளிக்குப் போனார்கள். ஒன்பது மாதம் கழித்து, பணம் கொடுக்கும் வேலையில் இல்லாத ஒருவரை அனுப்பி அதே கேள்விகளைக் கேளுங்கள். ‘எங்கள் பணத்தில் என்ன செய்தீர்கள்’ என்ற கேள்வி மட்டும் தாளில் இருக்க வேண்டாம். பணம் எட்டாத பக்கத்து ஊரில் பத்து வீட்டிலும் அதே தாளை முன்பும் பின்பும் நிரப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல மழை பெய்த வருடத்தின் விளைச்சலை உங்கள் உதவியின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.